தொடக்கக் காலப் படையெடுப்பு (சிவிலைசேஷன் விளையாட்டுத் தொடர்)

தொடக்கக் காலப் படையெடுப்பு என்பது, சுற்று முறையில் ஆடப்படும் வியூக விளையாட்டுகளில், ஆட்டம் தொடங்கிய சிறிது காலத்திலேயே அருகிலுள்ள எதிரியின் நகரங்களைத் தாக்கிக் கைப்பற்றும் உத்தி ஆகும். ஆட்டக்காரர்கள் இதைப் பொதுவாக 'ரஷ்' என்று அழைக்கின்றனர். எதிரியிடம் மதில்களோ போதிய காவல் படையோ உருவாகும் முன்பே அவரை வீழ்த்தி, அவருடைய நிலத்தையும் மக்கள்தொகையையும் தன்னுடையதாக்கிக்கொள்வது இதன் நோக்கம். வென்றால் ஆட்டத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் பயன் கிடைக்கும். தோற்றால், படைக்குச் செலவிட்ட வளம் வீணாகி, போரில் கலந்துகொள்ளாத பிற நாடுகள் முந்திச் செல்லும்.

இந்த உத்தி பல விளையாட்டுகளில் இருந்தாலும், சிவிலைசேஷன் தொடரில் மிக விரிவாக அலசப்பட்டுள்ளது. இக்கட்டுரை, தொடரின் நான்காம் பதிப்பையும் அதன் விரிவாக்கமான பியாண்ட் தி ஸ்வோர்டையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த உத்தியை விளக்குகிறது. ஐந்தாம், ஆறாம் பதிப்புகளில் உள்ள வேறுபாடுகள் இறுதிப் பகுதியில் தரப்பட்டுள்ளன. எண்கள் அனைத்தும் இயல்பு வேக ஆட்டத்துக்கு உரியவை.

பின்னணி

சிவிலைசேஷன் முதல் பதிப்பு 1991ஆம் ஆண்டில் மைக்ரோபுரோஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் இதை வடிவமைத்தனர். சோரன் ஜான்சன் தலைமையில் ஃபிராக்சிஸ் நிறுவனம் உருவாக்கிய நான்காம் பதிப்பு 2005இலும், பியாண்ட் தி ஸ்வோர்டு விரிவாக்கம் 2007இலும் வெளிவந்தன. ஆட்டம் கி.மு. 4000இல் ஒரே ஒரு குடியேறியுடனும் ஒரு சிறு படைப்பிரிவுடனும் தொடங்குகிறது. ஆட்டக்காரர் நகரங்களை நிறுவி, தொழில்நுட்பங்களைக் கண்டறிந்து, கணினி இயக்கும் பிற நாடுகளுடன் போட்டியிட வேண்டும்.

இவ்வகை விளையாட்டுகளுக்கு 'நான்கு எக்ஸ்' என்ற பெயர் உண்டு. தேடல், விரிவாக்கம், பயன்படுத்தல், அழித்தல் ஆகிய நான்கு செயல்களைக் குறிக்கும் இச்சொல்லை, 1993இல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் விளையாட்டைப் பற்றிய முன்னோட்டக் கட்டுரையில் ஆலன் எம்ரிச் பயன்படுத்தினார். வழக்கமான ஆட்டத்தில் இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். தொடக்கக் காலப் படையெடுப்பு இந்த வரிசையை மாற்றி, அழித்தலையே விரிவாக்கத்துக்கான வழியாகக் கொள்கிறது.

ஏன் தொடக்கத்திலேயே போர்?

சிவிலைசேஷனில் வளர்ச்சி கூட்டு வட்டி போன்றது. ஒரு நகரம் கூடுதலாகக் கிடைத்தால், அதன் உற்பத்தியிலிருந்து அடுத்த நகரம் விரைவாக உருவாகும். அந்த இரண்டும் சேர்ந்து மூன்றாவதை இன்னும் விரைவாக உருவாக்கும். ஐம்பதாவது சுற்றில் கைப்பற்றிய நகரமும் முந்நூறாவது சுற்றில் கைப்பற்றிய நகரமும் வரைபடத்தில் ஒன்றுபோலத் தோன்றினாலும், முன்னது ஆட்டத்தின் பெரும்பகுதியிலும் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் நிலம். தலைநகரங்கள் பொதுவாக வளமான இடங்களில் அமைகின்றன. ஆறு, உணவு வளம், குன்றுகள் ஆகியவை அருகில் இருக்கும்படி தொடக்க இடங்களை விளையாட்டே ஒதுக்குகிறது. ஆகவே அண்டை நாட்டின் தலைநகரைப் பிடிப்பது, தானே புதிதாக நிறுவக்கூடிய மூன்றாவது அல்லது நான்காவது நகரத்தைவிட நல்ல நகரம் ஒன்றைப் பெறுவதாகும். அந்த நாடு முழுமையாக அழிந்தால், அது பின்னர் நிரப்பவிருந்த வெற்று நிலமும் ஆட்டக்காரருக்கே வந்து சேரும். ஒரு பக்க எல்லைக்குக் காவல் வைக்கவும் தேவையிருக்காது.

மூன்றாவது காரணம் காலம். தொடக்கத்தில் தாக்குபவரும் தற்காப்பவரும் ஏறத்தாழச் சமநிலையில் இருப்பர். பின்னர் மதில்கள், பண்பாட்டு வளர்ச்சியால் வரும் காப்பு, நீள்வில் வீரர்கள் ஆகியவை தற்காப்பவரின் பக்கம் சேரும். கவண்பொறி போன்ற முற்றுகைப் படைகள் வரும்வரை தாக்குபவரின் நிலை சுற்றுக்குச் சுற்று மோசமாகிக்கொண்டே போகும். எனவே தொடக்கக் காலப் போருக்கென்று குறுகிய கால வாய்ப்பு ஒன்று உண்டு. அது கடந்துவிட்டால் கட்டுமானத் தொழில்நுட்பம் கிடைக்கும்வரை காத்திருப்பதே அறிவார்ந்தது.

செலவுக் கணக்கு

நான்காம் பதிப்பில் உற்பத்தி சுத்தியல் சின்னத்தால் காட்டப்படுகிறது. ஒரு கோடரி வீரர் பிரிவை உருவாக்க 35 சுத்தியல்களும், ஒரு குடியேறியை உருவாக்க 100 சுத்தியல்களும் தேவை. எட்டுக் கோடரிப் பிரிவுகள் கொண்ட படைக்கு 280 சுத்தியல்கள் செலவாகும். ஏறத்தாழ மூன்று குடியேறிகளின் விலை இது.

போர் தொடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு இந்த ஒப்பீடே அடிப்படை. அருகில் மூன்று நல்ல நகரங்களுக்கு இடம் காலியாக இருந்தால், அதே செலவில் அவற்றை எந்த ஆபத்துமின்றி நிறுவலாம். மாறாக, தலைநகரை அடுத்து மலையும் கடலும் சூழ்ந்து, எஞ்சிய வெளியையும் அண்டை நாடு நிரப்பிக்கொண்டிருந்தால், குடியேறிகளுக்குச் செல்ல இடமிருக்காது. அப்போது போரே மலிவான வழியாகிறது.

படையை முற்றிலும் செலவு என்று கொள்ளவும் முடியாது. குடியேறியையோ பணியாளரையோ உருவாக்கும்போது நகரத்தின் மக்கள்தொகை வளர்வது நின்றுவிடும். படைப்பிரிவுகளை உருவாக்கும்போது நகரம் தொடர்ந்து வளரும். போரில் தப்பிய பிரிவுகள் கைப்பற்றிய நகரங்களுக்கும் சொந்த எல்லைக்கும் காவலாக இருக்கும். எதிரியின் பணியாளர்களைப் பிடித்தால் 60 சுத்தியல் மதிப்புள்ள ஆள் ஒருவர் இலவசமாகக் கிடைக்கிறார்.

யாரைத் தாக்குவது?

இலக்கைத் தேர்ந்தெடுப்பதில் தூரம், நில அமைப்பு, எதிரியின் தனிச்சிறப்பு ஆகிய மூன்றும் முதன்மையானவை.

தூரம்: கோடரி வீரர்கள் ஒரு சுற்றில் ஒரு கட்டம் மட்டுமே நகர்வர். போர்க்காலத்தில் எதிரியின் எல்லைக்குள் உள்ள சாலைகளும் பயன்படா. பன்னிரண்டு கட்டம் தொலைவிலுள்ள தலைநகரை அடையப் பன்னிரண்டு சுற்றுகள் ஆகலாம். அதற்குள் எதிரி மேலும் சில வில்லாளிகளை உருவாக்கிவிடுவார். தொலைவில் கைப்பற்றப்படும் நகரங்களுக்குப் பராமரிப்புச் செலவும் மிகுதி. ஆகவே எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அண்டை நாடே பொருத்தமான இலக்கு.

நில அமைப்பு: குன்றின்மேல் அமைந்த நகரத்துக்குக் கூடுதலாக 25 விழுக்காடு காப்பு உண்டு. வில்லாளிகளுக்குக் குன்றில் மேலும் 25 விழுக்காடு சேரும். ஆற்றைக் கடந்து தாக்கினால் தாக்குபவருக்கு 25 விழுக்காடு இழப்பு உண்டு. ஆகவே படையை உருவாக்கும் முன்பே ஒரு வேவுப் படையை அனுப்பி, தலைநகர் எந்த நிலத்தில் உள்ளது, அதன் அருகே காடோ குன்றோ உள்ளதா, எத்தனை பேர் காவல் இருக்கின்றனர் என்பவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

எதிரியின் தனிச்சிறப்பு: சில நாடுகளின் தனிப்படைகள் கோடரி வீரர்களுக்கு எமனாக அமைகின்றன. அமெரிக்கப் பூர்வகுடி நாட்டின் நாய்ப்படை வீரர்களுக்குக் கைகலப்புப் படைகளுக்கு எதிராக 100 விழுக்காடு கூடுதல் வலிமை உண்டு. அவர்களை உருவாக்கச் செம்போ இரும்போ தேவையில்லை. மாலி நாட்டின் வில்லாளிகளின் வலிமை வழக்கமான மூன்றுக்குப் பதில் நான்கு. பாபிலோனிய வில்லாளிகளுக்கும் கைகலப்புப் படைகளுக்கு எதிராக 50 விழுக்காடு கூடுதல் உண்டு. 'காப்பாளர்' பண்பு கொண்ட தலைவர்களின் வில்லாளிகள் நகரக் காவல் தகுதியுடனேயே உருவாகின்றனர். இத்தகைய அண்டை நாட்டைத் தொடக்கத்தில் தாக்காமல், கவண்பொறி வரும்வரை நட்புடன் வைத்துக்கொள்வதே நல்லது.

தயாரிப்பு

கோடரிப் படையெடுப்புக்கு மூன்று தேவைகள் உள்ளன. முதலாவது வெண்கலத் தொழில்நுட்பம். இது சுரங்கத் தொழில்நுட்பத்தை அடுத்துக் கிடைக்கும். இதைக் கண்டறிந்ததும் வரைபடத்தில் செம்பு எங்கே உள்ளது என்று தெரியவரும். இரண்டாவது, அந்தச் செம்பை நகரத்துடன் இணைத்தல். செம்பு உள்ள கட்டத்தில் சுரங்கம் அமைத்துச் சாலை போட வேண்டும். சாலைக்குச் சக்கரத் தொழில்நுட்பம் தேவை. செம்பின் மீதே நகரம் நிறுவப்பட்டால் இணைப்பு தானாக ஏற்பட்டுவிடும். மூன்றாவது, விரைவான உற்பத்தி.

அருகில் செம்பு இல்லாவிட்டால் வேறு வழிகளைப் பார்க்க வேண்டும். கால்நடை வளர்ப்புத் தொழில்நுட்பம் குதிரைகளைக் காட்டித் தரும். வலிமை நான்கு உடைய தேர்ப்படை ஒரு சுற்றில் இரண்டு கட்டங்கள் நகரும். ஈட்டி வீரர்கள் எதிரியிடம் இல்லாதவரை அது பயன்தரும். இரும்பு கிடைத்தால் வலிமை ஆறு உடைய வாள் வீரர்களை உருவாக்கலாம். ஆனால் இரும்புத் தொழில்நுட்பத்தைக் கண்டறியப் பல சுற்றுகள் செலவாகும்.

உற்பத்தியை விரைவுபடுத்த இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் வெண்கலத் தொழில்நுட்பத்துடனேயே வருகின்றன. காட்டை வெட்டினால் அருகிலுள்ள நகரத்துக்கு 20 சுத்தியல்கள் உடனே கிடைக்கும். கணிதம் கண்டறியப்பட்ட பிறகு இது 30 ஆகும். அடிமை முறை என்ற ஆட்சிக் கொள்கையை ஏற்றால், நகர மக்கள்தொகையில் ஒன்றைக் குறைத்து 30 சுத்தியல்களைப் பெறலாம். ஒரு கோடரிப் பிரிவுக்கு ஐந்து சுத்தியல்கள் செலவிட்ட நிலையில், ஒரு மக்கள்தொகையைக் கொடுத்தால் அது அடுத்த சுற்றில் முழுமையடையும். அதற்குப் பதிலாக அந்நகரில் பத்துச் சுற்றுகளுக்கு மக்களின் அதிருப்தி ஒன்று கூடும். உணவு வளம் மிகுந்த நகரங்கள் இழந்த மக்கள்தொகையை விரைவில் மீட்டுக்கொள்ளும். ஆகவே தொடக்கக் காலப் போரில் குன்றுகள் நிறைந்த நகரத்தைப் போலவே உணவு நிறைந்த நகரமும் படைக்கலச் சாலையாக மாறிவிடும்.

படைமுகாம் கட்டுவதா என்பது அடிக்கடி எழும் கேள்வி. அதற்கு 50 சுத்தியல்கள் தேவை. ஒன்றரைக் கோடரிப் பிரிவுகளின் விலை அது. ஆனால் அதன்பின் உருவாகும் ஒவ்வொரு பிரிவும் ஒரு தகுதி உயர்வுடன் வெளிவரும். ஐந்தாறு பிரிவுகளுக்கு மேல் உருவாக்குவதாக இருந்தால் படைமுகாம் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். 'ஆக்கிரமிப்பாளர்' பண்புடைய தலைவருக்கு அது பாதி விலையில் கிடைக்கிறது.

சண்டைக் கணக்கு

பலருடைய படையெடுப்புகள் தோற்பதற்குக் காரணம், திரையில் தெரியும் அடிப்படை வலிமையை மட்டும் பார்ப்பதே. கோடரி வீரரின் வலிமை 5, வில்லாளியின் வலிமை 3. வெளித்தோற்றத்தில் இது எளிதான வெற்றியாகத் தெரிகிறது. ஆனால் நகரத்துக்குள் இருக்கும் வில்லாளிக்குப் பல கூடுதல்கள் சேர்கின்றன.

நகரக் காவலுக்காக வில்லாளிக்கு 50 விழுக்காடு, ஐந்து சுற்றுகள் அசையாமல் அரண் அமைத்து நின்றதற்காக 25 விழுக்காடு, நகரின் தொடக்கநிலைப் பண்பாட்டுக் காப்பாக 20 விழுக்காடு எனச் சமவெளி நகரத்திலேயே மொத்தம் 95 விழுக்காடு சேர்கிறது. ஆகவே அவரது உண்மையான வலிமை 3 அன்று, 5.85 ஆகும். அதே நகரம் குன்றின்மேல் இருந்தால் 7.35. குன்றுடன் மதிலும் சேர்ந்தால் 8.25. தாக்குபவரின் வலிமையோ 5 என்ற அளவிலேயே நிற்கிறது.

சண்டை பல சிறு மோதல்களாக நடக்கிறது. ஒவ்வொரு மோதலிலும் வெல்லும் வாய்ப்பு இரு தரப்பு வலிமைகளின் விகிதத்தைப் பொறுத்தது. 5க்கு 5.85 என்றால் ஒரு மோதலில் வெல்லும் வாய்ப்பு 46 விழுக்காடு. ஆயினும் முழுச் சண்டையிலும் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். வலிமை குறைந்தவர் குறைவாக அடிப்பதோடு, வாங்கும் ஒவ்வொரு அடியும் பெரிதாக இருப்பதே இதற்குக் காரணம். வில்லாளிக்கு முதல் அடி அடிக்கும் உரிமையும் உண்டு.

தகுதி உயர்வுகள் இங்கேதான் பயன்படுகின்றன. 'நகரத் தாக்குதல்' முதல் நிலை, நகரத்திலுள்ள எதிரியின் கூடுதல் விழுக்காட்டிலிருந்து 20ஐக் கழிக்கிறது. சமவெளி நகரத்து வில்லாளியின் வலிமை 5.85இலிருந்து 5.25 ஆகக் குறையும். ஆக்கிரமிப்பாளர் பண்புடைய தலைவரின் கோடரி வீரர்களுக்கு இயல்பாகவே 10 விழுக்காடு கூடுதல் உண்டு. அவர்களின் வலிமை 5.5. இவ்விரண்டும் சேரும்போது வலிமைகளின் வரிசை தலைகீழாகி, வெற்றி வாய்ப்பு பாதியைத் தாண்டுகிறது. சிறிய எண் மாற்றம் முடிவில் பெரிய மாற்றத்தைத் தருவது இந்தச் சண்டை முறையின் இயல்பு.

தோற்கும் பிரிவும் வீணாவதில்லை. அது சாகும் முன் எதிரியைக் காயப்படுத்திவிடும். காயமடைந்த வில்லாளியை அடுத்து வரும் பிரிவு எளிதாக வீழ்த்தும். இதனால் நகரத்தில் உள்ள ஒவ்வொரு காவல் பிரிவுக்கும் இரண்டு கோடரிப் பிரிவுகள் என்பது பொதுவான மதிப்பீடாகக் கொள்ளப்படுகிறது. மூன்று வில்லாளிகள் இருந்தால் ஆறு பிரிவுகள். வந்து சேர்வதற்குள் இன்னொரு வில்லாளி உருவாகலாம் என்பதால் எட்டு. கணினியின் தொடக்கச் சலுகைகள் மிகுந்த உயர்ந்த கடின நிலைகளில் இந்த எண்ணிக்கையும் போதாமல் போகலாம்.

காலம் கடந்தால் என்னவாகும் என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது. தலைநகரின் அரண்மனை சுற்றுக்கு இரண்டு பண்பாட்டுப் புள்ளிகளைத் தருகிறது. பண்பாடு 100ஐ எட்டும்போது நகரக் காப்பு 20இலிருந்து 40 விழுக்காடாக உயரும். வேறு எந்தக் கட்டடமும் இல்லாத தலைநகரம்கூட இந்த அளவை ஐம்பதாவது சுற்றளவில் அடைந்துவிடும். அப்போது சமவெளி வில்லாளியின் வலிமை 6.45 ஆகிறது.

தாக்குதலை நடத்தும் முறை

படையைத் துண்டு துண்டாக அனுப்பக் கூடாது. ஒன்றிரண்டு பிரிவுகள் முதலில் சென்று மோதினால், காயமடைந்த காவலர்கள் அடுத்த சுற்றுகளில் குணமாகி, வென்ற அனுபவத்தால் தகுதி உயர்வும் பெற்றுவிடுவர். எல்லாப் பிரிவுகளையும் சொந்த எல்லைக்குள் ஓரிடத்தில் திரட்டி, ஒன்றாக நகர்த்தி, ஒரே சுற்றில் தாக்க வேண்டும். நான்காம் பதிப்பில் ஒரே கட்டத்தில் எத்தனை பிரிவுகளும் நிற்கலாம் என்பதால் இது எளிது.

போர் அறிவித்ததும், நகரத்துக்கு அடுத்துள்ள காட்டிலோ குன்றிலோ படை நிற்க வேண்டும். காடு 50 விழுக்காடும் குன்று 25 விழுக்காடும் காப்புத் தருகின்றன. வெளியே வந்து தாக்கும் எதிரிகள் அங்கே இழப்பைச் சந்திப்பர். அவ்வாறு வெளியே வந்து அழியும் ஒவ்வொரு பிரிவும் நகரத்துக்குள் ஒரு காவலர் குறைவதாகும். எதிரி தேர்களை வைத்திருந்தால் படையில் ஓரிரு ஈட்டிப் பிரிவுகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பியாண்ட் தி ஸ்வோர்டில் தேர்கள் கோடரி வீரர்களைத் தாக்கும்போது இரு மடங்கு வலிமை பெறுகின்றன.

எதிரியின் செம்புச் சுரங்கத்தை முதலில் அழித்துவிடுவது நல்ல பழக்கம். அதன்பின் எதிரியால் கோடரி, ஈட்டி வீரர்களை உருவாக்க இயலாது. வில்லாளிகளை மட்டுமே உருவாக்க முடியும்.

மக்கள்தொகை ஒன்று மட்டுமே உள்ள நகரத்தைக் கைப்பற்றினால் அது அழிந்துவிடும். அவ்விடம் நல்லது எனில், நகரம் வளரும்வரை சில சுற்றுகள் பொறுத்து, தலைநகரை முதலில் தாக்கலாம். தலைநகரில் படை இழப்பு மிகுந்து, முழு வெற்றி இயலாது என்று தெரிந்தால், பணியாளர்களைப் பிடித்துக்கொண்டு அமைதி உடன்பாட்டுக்கு வருவதும் ஒரு வழி. உடன்பாடு ஏற்பட்டபின் பத்துச் சுற்றுகளுக்கு இரு தரப்பும் போர் தொடுக்க முடியாது.

வெற்றிக்குப் பின் வரும் நெருக்கடி

தொடக்கக் காலப் போரில் வென்றவர்கள் பலர் அதன்பின் ஆட்டத்தில் தோற்கின்றனர். காரணம் கருவூலம். நான்காம் பதிப்பில் ஒவ்வொரு நகரத்துக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. அது தலைநகரிலிருந்து உள்ள தூரத்தையும் நகரங்களின் மொத்த எண்ணிக்கையையும் பொறுத்து உயரும். இதனுடன் படைகளின் செலவும் சேரும். கைப்பற்றிய நகரங்கள் சில சுற்றுகள் கிளர்ச்சியில் இருக்கும். அப்போது அவற்றால் எந்த வருவாயும் இல்லை. விளைவாக, ஆய்வுக்கு ஒதுக்கும் விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். ஆய்வு நின்றுவிட்டால், பெரிய நாடாக இருந்தும் தொழில்நுட்பத்தில் பின்தங்கிய நாடாகிவிடும்.

இதைத் தவிர்க்கும் வழிகள் போருக்கு முன்பே திட்டமிடப்பட வேண்டும். மட்பாண்டத் தொழில்நுட்பத்தைக் கண்டறிந்து குடிசைகளை அமைப்பது முதலாவது. குடிசைகள் காலப்போக்கில் சிற்றூர்களாகவும் பேரூர்களாகவும் வளர்ந்து வணிக வருவாயைப் பெருக்கும். நகரைக் கைப்பற்றும்போது கிடைக்கும் பொன் இடைக்காலத்துக்கு உதவும். நாணயத் தொழில்நுட்பம் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு வணிக வழியைக் கூட்டித் தரும். சட்டத் தொகுப்புத் தொழில்நுட்பத்தால் கட்டக்கூடிய நீதிமன்றம், நகரத்தின் பராமரிப்புச் செலவைப் பாதியாகக் குறைக்கும். இவ்விரு தொழில்நுட்பங்களையும் அடையும்வரை மேலும் நகரங்களைப் பிடிக்காமல் நிறுத்திக்கொள்வது நல்லது. பயனற்ற இடத்தில் உள்ள நகரங்களை வைத்துக்கொள்ளாமல் அழித்துவிடலாம்.

அரசுறவிலும் விளைவுகள் உண்டு. தாக்கப்பட்ட நாட்டின் நண்பர்கள் ஆட்டக்காரர்மீது மனக்கசப்புக் கொள்வர். ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் பெரும்பாலான நாடுகள் ஒன்றையொன்று அறிந்திருப்பதில்லை, நட்பும் ஏற்பட்டிருக்காது. ஆகவே தொடக்கக் காலப் போர், பிற்காலப் போர்களைவிடக் குறைந்த பகையையே சம்பாதிக்கிறது.

தோல்விக்கான பொதுவான காரணங்கள்

செம்பு எங்குள்ளது என்று அறியும் முன்பே போருக்குத் திட்டமிடுதல் முதல் காரணம். இரண்டாவது, நான்கைந்து பிரிவுகளுடன் புறப்பட்டு, மேலும் பிரிவுகளைப் பின்னால் அனுப்பிக்கொண்டே இருத்தல். இதில் மொத்தச் செலவு பெரும்படையின் செலவை எட்டிவிடும், பலனோ கிடைக்காது. மூன்றாவது, குன்றின் மேலுள்ள தலைநகரைக் கண்ட பிறகும் திட்டத்தைக் கைவிடாமை. நான்காவது, போர்க்காலம் முழுவதும் பணியாளர்களையும் குடியேறிகளையும் உருவாக்காமல் விட்டுவிடுதல்.

பலர் ஆடும் ஆட்டத்தில் ஐந்தாவது காரணம் ஒன்றும் உண்டு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் ஆடும்போது, இருவர் போரிட்டுக்கொண்டால் பெரும்பயன் மூன்றாமவருக்கே போய்ச் சேரும். இருவர் மட்டும் ஆடும் ஆட்டத்தில் எதிரியின் இழப்பு முழுவதும் தன் ஆதாயம் என்பதால், இழப்பு மிகுந்த தாக்குதலும் பயன்தரலாம். பலர் ஆடும்போது விரைவாகவும் குறைந்த இழப்புடனும் முடியும் போர் மட்டுமே ஆதாயம் தரும்.

தனிப்படைகளைக் கொண்ட படையெடுப்பு

சில நாடுகளுக்குத் தொடக்கக் காலப் போருக்கென்றே அமைந்த தனிப்படைகள் உள்ளன. நான்காம் பதிப்பில் இன்கா நாட்டின் கெச்சுவா வீரர்கள் ஆட்டத்தின் முதல் சுற்றிலிருந்தே கிடைக்கின்றனர். 15 சுத்தியல்களே விலையுள்ள இவர்களுக்கு வில்லாளிகளுக்கு எதிராக 100 விழுக்காடு கூடுதல் உண்டு. கடின நிலைகளில் கணினி நாடுகள் வில்லாளிகளுடனேயே ஆட்டத்தைத் தொடங்குவதால், அந்தச் சலுகையே அவற்றுக்கு எதிராகத் திரும்புகிறது. எகிப்தின் போர்த்தேர் வழக்கமான நான்குக்குப் பதில் ஐந்து வலிமை கொண்டது. எதிரியின் முதல் அடி அதைப் பாதிக்காது. பாரசீகத்தின் இறவாப் படை வில்லாளிகளுக்கு எதிராக 50 விழுக்காடு கூடுதல் பெற்ற தேர்ப்படையாகும். இவ்விரண்டுக்கும் குதிரை வளம் தேவை.

பிற பதிப்புகளில்

2010இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, அறுகோணக் கட்டங்களையும் ஒரு கட்டத்தில் ஒரே போர்ப்படை என்ற விதியையும் கொண்டுவந்தது. நகரங்கள் காவல் படை இல்லாமலே தம்மைத் தாமே காத்துக்கொண்டு, இரண்டு கட்டத் தொலைவு வரை எதிரிகளைத் தாக்கும். ஆகவே பெருங்கூட்டமாகச் சென்று மோதும் முறை இங்கே பயன்படாது. பல வில்படைகள் தொலைவிலிருந்து நகரத்தின் காப்பைக் குறைக்க, ஒரு கைகலப்புப் படை உள்ளே நுழைந்து கைப்பற்றுவதே வழி. கட்டுமானத் தொழில்நுட்பத்துடன் வரும் கூட்டுவில் வீரர்கள் இதற்குப் பெயர்பெற்றவர்கள். அவர்களின் தொலைத்தாக்குதல் வலிமை 11. சாதாரண வில்லாளிக்கு அது 7. இப்பதிப்பில் விரிவாக்கத்தைக் கட்டுப்படுத்துவது முதன்மையாக மக்களின் மகிழ்ச்சி. நாடு முழுவதற்கும் பொதுவான மகிழ்ச்சி அளவு எதிர்மறைக்குச் சென்றால் வளர்ச்சி முடங்கும். கைப்பற்றிய நகரத்தை உடனே இணைத்துக்கொள்ளாமல் பொம்மை நகரமாக வைத்துக்கொள்வது இதைத் தணிக்கும்.

2016இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில், மதில் இல்லாத நகரங்களால் எதிரியைத் தொலைவிலிருந்து தாக்க முடியாது. எதிரி மதில் கட்டும் முன் செல்பவருக்கு இது பெரும் வாய்ப்பு. வழக்கமான வழி, கவண் வீரர்களை உருவாக்கி, அவர்களில் ஒருவரைக் கொண்டு ஒரு எதிரிப் பிரிவை அழித்து, அதனால் வில்வித்தைத் தொழில்நுட்பத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியைப் பயன்படுத்தி, அவர்களைப் பொன் கொடுத்து வில்லாளிகளாக உயர்த்துவதாகும். 'அகோகே' என்ற கொள்கை அட்டை, தொடக்கக் காலக் கைகலப்பு, தொலைத்தாக்குதல் படைகளின் உற்பத்தியை 50 விழுக்காடு கூட்டுகிறது. சுமேரியாவின் போர்வண்டி எந்தத் தொழில்நுட்பமும் இல்லாமலே கிடைக்கிறது; அதன் வலிமை 30. சாதாரணப் போர்வீரரின் வலிமை 20 மட்டுமே. எதிரி மதில் கட்டிவிட்டால் தகர்ப்புத் தூண் போன்ற துணைப் பொறி தேவைப்படும்.

ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு குடியேறிக்குப் பின்னும் அடுத்த குடியேறியின் விலை உயர்கிறது. இதனால் நிறுவுதலுக்கும் கைப்பற்றுதலுக்கும் இடையிலான கணக்கு, நான்காம் பதிப்பைவிடப் போரின் பக்கம் சாய்கிறது. எதிரியின் குடியேறியைப் பிடித்தால் அவர் குடியேறியாகவே கிடைக்கிறார் என்பது மற்றொரு ஊக்கம். வெளியானபோது இருந்த விதிகளின்படி, மிகப் பழைய காலகட்டத்தில் தொடுக்கும் போருக்குப் 'போர்வெறியர்' என்ற அவப்பெயரும் இல்லை. 2018இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கம் விசுவாசம் என்ற புதிய கட்டுப்பாட்டைச் சேர்த்தது. பிற நாட்டு நகரங்கள் சூழ்ந்த இடத்தில் தனியாகப் பிடித்த நகரம், விசுவாசம் குறைந்து கைவிட்டுப் போகக்கூடும். ஆகவே அண்டை நாட்டின் ஒரு நகரத்தை மட்டும் பிடித்துவிட்டு நிறுத்துவதைவிட, அருகருகே உள்ள நகரங்களை அடுத்தடுத்துப் பிடிப்பதே இப்பதிப்பில் நிலைக்கும்.

மூன்று பதிப்புகளிலும் விதிகள் மாறினாலும், முடிவெடுக்க உதவும் கேள்விகள் ஒன்றே: அதே செலவில் அமைதியாக எத்தனை நகரங்களை நிறுவலாம், எதிரியின் காப்பு எந்தச் சுற்றில் உயரும், கைப்பற்றியதைத் தாங்கும் வருவாய் உள்ளதா. முதல் கேள்விக்கான விடை இரண்டுக்கு மேல் என்றால் குடியேறிகளை அனுப்புவதும், ஒன்றுமில்லை என்றால் படையைத் திரட்டுவதும் அனுபவமிக்க ஆட்டக்காரர்களின் பொதுவான வழக்கமாகும்.